குடந்தை நகரும் குடிமக்களும்

ஓர் ஊரின் பெயர் அண்டை மாநிலத்தார் வாயில் வசைச் சொல்லாக வழங்குவதென்பது எல்லா ஊர்களுக்கும் கிட்டக் கூடிய கௌரவமன்று. அந்தக் கௌரவம் கும்பகோணத்துக்குக் கிட்டியிருக்கிறது. மலையாளப் பத்திரிகை ஒன்றையாவது தெலுங்குப் பத்திரிகை ஒன்றையாவது பிரித்துப் பாருங்கள். பொதுச் சொத்தை யாரேனும் சூறையாடி அகப்பட்டுக் கொண்டால் அந்த ஊழலுக்கு அவர்கள் இடும் பெயர் "கும்பகோணம்" என்பதேயாகும். நிலத்தில் மோசடி நடந்தால் அது நிலக் கும்பகோணம். வங்கியில் நடந்தால் வங்கிக் கும்பகோணம். இதைப் பற்றிக் குடந்தைவாசிகளிடம் பிரஸ்தாபித்தால் அவர்கள் கோபித்துக் கொள்வதில்லை. தங்கள் புத்திக் கூர்மையைக் கண்டு அயலார் கொண்ட பொறாமை என்று சொல்லிச் சிரித்துவிட்டு, நமக்கும் ஒரு டம்ளர் காப்பி வரவழைத்துக் கொடுப்பார்கள்.

நாம் சொல்ல வந்தது வேறு. பொதுச் சொத்தைக் கொள்ளையிடுவதற்குப் பெயராய்ப் போன இந்த ஊர், உண்மையில் பொதுச் சொத்தினாலேயே பிறந்து, பொதுச் சொத்தினாலேயே வளர்ந்த ஊர். ஆறு, படித்துறை, குளம், வாய்க்கால், கல்லூரி, புத்தகசாலை என்று தனி ஒருவருக்குச் சொந்தமாகாத பொருள்களை எடுத்து விட்டால் கும்பகோணத்தில் மிஞ்சுவது மிகச் சொற்பம். அந்தப் பொதுப் பொருள்கள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஒரு முறை பார்த்து வருவோமாக.

இரண்டு ஆறுகளின் நடுவே

தஞ்சாவூருக்கு வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது குடந்தை. வடக்கே காவிரி; தெற்கே அரசலாறு; இரண்டுக்கும் இடையில் கோபுரங்களும் குளங்களும் கடைவீதிகளும் நெருங்கிக் கிடக்கும் நகரம். தேவாரம் பாடியவர்கள் குடமூக்கு என்றார்கள். ஆழ்வார்கள் குடந்தை என்றார்கள். சோழ மன்னர்கள் மாளிகை அமைத்து வாழ்ந்த பழையாறை பக்கத்திலேயே இருக்கிறது. 1866-ஆம் ஆண்டில் நகராட்சி ஏற்பட்டது. 2021-ல் அரசாங்கத்தார் இதனை மாநகராட்சியாக உயர்த்தினார்கள். 2011-ஆம் ஆண்டு ஜனக் கணக்கின்படி நகராட்சி எல்லைக்குள் வசித்தவர்கள் சுமார் 1,40,000 பேர். பட்டம் எதுவானாலும், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தே போய்வரக் கூடிய ஊர்தான் இது. மாநகரம் என்று அழைக்கப்படுவதில் ஊருக்குப் பெருமை இருக்கலாம். ஆனால் நாலு தெரு தள்ளி யார் வீட்டில் கலியாணம் என்பது இன்னும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஊர்ப் பெயருக்குக் காரணமான புராணக் கதையை நேயர்கள் அறிவார்கள். பிரளய காலத்தில் பிரம்மா அமுதத்தையும் சிருஷ்டி பீஜத்தையும் ஒரு குடத்திலே இட்டு மிதக்கவிட்டார். குடம் வந்து தங்கிய இடத்தில் சிவபெருமான் வேடனாக வந்து அம்பெய்து அதனை உடைத்தார். பெருகிய அமுதத்தில் மணலைக் கூட்டிப் பிசைந்து ஒரு லிங்கம் உண்டாக்கினார். அவரே ஆதி கும்பேசுவரர் என்பது கதை. பக்தர்கள் இதில் காணும் பொருள் ஒன்று. பள்ளிக்கூடத்தில் பூகோளம் போதிக்கும் நமக்குத் தோன்றும் பொருள் மற்றொன்று. நீரும் மண்ணும் கலந்ததே இந்த ஊரின் தெய்வம் என்று கதை கட்டியவர்கள் கண் மூடிக்கொண்டு கட்டவில்லை. கும்பகோணத்தின் பெருமை என்று நாம் பேசும் பொருள்களில் பெரும்பாலானவற்றைத் தட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஆற்று வண்டல்தான்.

வண்டலின் மகிமை

நகருக்கு மேற்கே அருகிலுள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் செப்புத் திருமேனிகளை வார்க்கிறார்கள். முதலில் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை விக்கிரகத்தின் உயரத்துக்குக் கத்தரித்து, அதை மடித்து மடித்துத் தாலப் பிரமாணத்தைக் குறித்துக் கொள்கிறார்கள். பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகினால் உருவத்தைச் செய்கிறார்கள். அந்த மெழுகு உருவத்தின்மேல் காவிரியின் வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசுகிறார்கள். அந்த மண் சந்தனம் போல் நைந்து, நகக் கண் முதல் நெற்றிப் பொட்டு வரை எல்லா நுட்பத்தையும் பற்றிக் கொள்கிறது. நிழலில் உலர்த்தி, மேலும் மேலும் மண் பூசி, கம்பி கட்டிச் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடுகிறது. அது இருந்த வெற்றிடத்தில் உருகிய உலோகம் போய் நிரம்புகிறது. ஆறிய பிறகு அச்சை உடைத்தே விக்கிரகத்தை எடுக்க வேண்டும். ஆகையால் ஒன்றைப் போல் மற்றொன்று பிறப்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளாக நடந்து வரும் இந்த வேலைக்கு வேறு ஊர் மண் சரிப்படாது என்பது ஸ்தபதிகளின் அனுபவம்.

இன்னொரு பக்கத்தில் நாச்சியார்கோயில். தமிழ் நாட்டில் கலியாண வீடுகளில் ஏற்றி வைக்கும் குத்துவிளக்குகளுக்குப் பேர் போன ஊர் அது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித் தனியாக வார்த்துக் கடைந்து, மரை வைத்துப் பொருத்துகிறார்கள். இத்தொழில் செய்யும் பத்தர்கள் தெற்கேயிருந்து வந்தவர்கள். இங்கே அவர்களைத் தங்கச் செய்தது வார்ப்புக்கு உகந்த அதே வண்டல் மண்தான். வீட்டு ஸ்திரீகள் வெள்ளிக்கிழமை தோறும் புளியிட்டுத் துலக்கும் விளக்குக்குப் பிறந்த வீடு ஆற்றுப் படுகை என்பதை நினைத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

வெற்றிலையின் கதையும் அதுவே. குடந்தையைச் சுற்றியுள்ள கொடிக்கால்களில் அகத்தியை நட்டு, அதன் நிழலில் கொடியைப் படரவிடுகிறார்கள். கொடிக்காலில் தண்ணீர் ஒரு நாள் கூடுதலாய்த் தேங்கினாலும் ஆகாது. ஒரு நாள் குறைந்தாலும் ஆகாது. மாமியாரையும் மருமகளையும் ஒரே வீட்டில் வைத்துக் காப்பாற்றுவதற்கு வேண்டிய சாமர்த்தியம் இதற்கும் வேண்டும். ஆற்று மண்ணின் செழுமையும் வாய்க்கால் நீரும் கூடியே கும்பகோணம் வெற்றிலையின் அந்த மெல்லிய காரத்தைத் தருகின்றன. 2025-ஆம் ஆண்டில் இவ்வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுவாமிமலை விக்கிரகத்துக்கும் நாச்சியார்கோயில் விளக்குக்கும் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. ஒரு சிறு வட்டாரத்துக்குள்ளே மூன்று பொருள்களுக்கு அரசாங்கம் முத்திரை வைத்திருக்கிறது என்றால், முத்திரை உண்மையில் விழுந்திருப்பது மண்ணின்மேலும் நீரின்மேலுமே அல்லவா?

காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் குடந்தைவாசிகள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். கலப்பில்லாத பசும்பாலும், அப்போதே இறக்கிய முதல் டிகாக்ஷனும், பித்தளை டவரா டம்ளரும் சேர்ந்தது "டிகிரி காப்பி." சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் இப்போது கும்பகோணம் டிகிரி காப்பி என்ற பலகை இல்லாத இடமே இல்லை. அங்கே காப்பி குடித்தவர்கள் கும்பகோணத்துக்கு வந்து ஒரு முறை குடித்துப் பார்த்தால், பெயரைக் கடன் வாங்குவது எளிது, பாலைக் கடன் வாங்குவது கடினம் என்பதைத் தெரிந்து கொள்வார்கள்.

யாருடைய ஊர்?

கும்பகோணத்தைக் கோயில் நகரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவது வழக்கம். கோயில்கள் இருக்கத்தான் இருக்கின்றன. சித்திரை மாதத்தில் சில நாட்கள் கதிரவன் கிரணம் நேரே கருவறைக்குள் புகும் நாகேசுவரன் கோயில், பதினொரு நிலைக் கோபுரத்தோடு நிற்கும் சார்ங்கபாணி கோயில், நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்கள் மலிந்த இராமசாமி கோயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வேண்டும். ஆனால் ஊர் என்பது கோயில் மட்டுமன்று. சௌராஷ்டிரர்கள் பல தலைமுறைகளுக்கு முன்னே கூர்ஜரத்திலிருந்து புறப்பட்டு, விஜயநகரத்தின் வழியாகத் தெற்கே வந்து, இங்கும் திருபுவனத்திலும் பட்டு நெய்கிறார்கள். வீட்டில் தங்கள் பாஷையையும் வீதியில் தமிழையும் பேசுகிறார்கள். மராத்திய அரசர் காலத்தில் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. தெலுங்கு பேசுபவர்கள் இருக்கின்றனர். சங்கர மடமும் வீரசைவ மடமும் ஒரே ஊரில் இருக்கின்றன. சமண ஆலயம் ஒன்று உண்டு, பள்ளிவாசல்கள் உண்டு. 1899-லிருந்து கத்தோலிக்க மேற்றிராணியாரின் தலைமை ஸ்தானமாகவும் இவ்வூர் விளங்குகிறது.

இவர்கள் எல்லோரும் எப்போதும் ஒற்றுமையாய் வாழ்ந்தார்கள் என்று சொன்னால் அது கதையாகுமே தவிரச் சரித்திரமாகாது. பகவத் படித்துறை, சக்கரப் படித்துறை என்று காவிரிக் கரையில் அழகிய படித்துறைகளைக் கட்டினார்கள் முன்னோர்கள். அதே முன்னோர்கள்தாம் நம் நாட்டு ஆற்றங்கரைகளில் இன்னார் இறங்கலாம், இன்னார் இறங்கக் கூடாது என்று வேலியும் கட்டினார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிய பிறகே, தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கி வைத்த மக்களுக்கு மாகாணத்துக் கோயில்களின் வாசல்கள் சட்டப்படி திறந்தன. எல்லோருக்கும் பொதுவான நீரைச் சிலருக்கு மட்டும் என்று வைத்திருந்த காலத்தைப் பொற்காலம் என்று பாட நமக்கு மனம் வரவில்லை. பொது என்ற சொல் அன்று பாதிப் பொதுவாகவே இருந்தது. அதை முழுப் பொதுவாக்கியது விடுதலைப் போராட்டத்தின் பயன்களில் ஒன்று. முழுப் பொதுவான பிறகு, அதைக் காப்பாற்றும் பொறுப்பும் முழுப் பொதுவாக வேண்டுமல்லவா? தகராறு அங்கேதான் இருக்கிறது.

ஒரு முன்சீபும் ஒரு பண்டிதரும்

பல வகை மக்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்வதனால் விளையும் நன்மைக்கு இவ்வூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1854-ல் பள்ளிக்கூடமாய்த் தோன்றிப் பிறகு கல்லூரியாக வளர்ந்த கும்பகோணம் அரசாங்கக் கல்லூரி காவிரிக் கரையில் இருக்கிறது. பாலம் இல்லாத நாளில் மாணாக்கர்கள் வெள்ளக் காலத்தில் ஓடத்திலும், கோடையில் மணலில் நடந்தும் போய்ப் படித்தார்கள். அக்கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, 1880-ல் அந்த இடத்துக்கு இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் வந்தார். அவர்தாம் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் இவ்வூருக்கு முன்சீபாக வந்தார். ஐயர் தாம் படித்திருந்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா எல்லாவற்றையும் வரிசையாக ஒப்புவித்தார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றையும் கொடுத்தார். படிக்கத் தொடங்கினால் அது சமண காவியம். சமண மதக் கொள்கைகள் ஐயருக்குத் தெரியா. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருப்பதை அறிந்து ஐயர் அவர்களைத் தேடிச் சென்றார். அங்கே அவர்கள் சிந்தாமணியைப் பாராயணம் செய்து பூர்த்தி செய்ததைக் கொண்டாடிக் கொண்டிருந்தார்கள்! தமிழ்ப் பண்டிதர்களே மறந்துவிட்ட காவியம், நாலு தெருவுக்கு அப்பால் ஒரு வீட்டுக் கூடத்தில் உயிரோடு இருந்தது.

சைவ மடத்தில் பயின்ற அந்தணப் புலவர், ஆங்கிலம் கற்ற முதலியார், சமணச் செட்டியார்கள் ஆகிய இவர்கள் ஒரே ஊரில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் நடந்து போகும் தூரத்தில் இருந்திராவிட்டால் 1887-ல் சிந்தாமணி அச்சேறியிராது. அதைத் தொடர்ந்து 1892-ல் சிலப்பதிகாரமும், 1894-ல் புறநானூறும், 1898-ல் மணிமேகலையும் வெளிவந்தன. 1903-ல் சென்னைக்கு மாற்றலாகிப் போகும் வரையில் ஐயர் உழைத்தது இந்த ஊரில் இருந்துகொண்டுதான். இன்று உலகத்துக்கு முன்னே நாம் பெருமையோடு காட்டும் நூல்களில் சில இந்தச் சிறு நகரத்தின் சம்பாஷணையிலிருந்து பிறந்தவை என்றால் அது மிகையாகாது.

சார்ங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு இருக்கிறது. பட்டுக்கடைக் கணக்கராயிருந்த ஒருவருடைய பிள்ளை அதில் வளர்ந்தான். வருமானம் போதாமல் கல்லூரி மாணாக்கர்களுக்கு அந்த வீட்டில் இடம் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய கணிதப் புத்தகங்கள் பையன் கையில் சிக்கின. பையன் பெயர் இராமானுஜன். டவுன் ஹைஸ்கூலில் பரிசுகளை வாரிக்கொண்ட அப்பிள்ளை, 1904-ல் உபகாரச் சம்பளத்தோடு அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களை மறந்து, உபகாரச் சம்பளத்தை இழந்தான். உபாத்தியாயர்களாகிய எங்கள் வர்க்கத்தார் இவ்விஷயத்தை அடிக்கடி நினைவுகூர்வது நல்லது. எல்லாப் பாடங்களிலும் தேறியவர்களின் பட்டியல் எங்கேயோ செல்லரித்துப் போயிற்று. தேறாத பிள்ளையின் வீட்டைப் பார்க்க உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் கணித வல்லுநர்கள் வருகிறார்கள்.

அக்கல்லூரியின் தலைவராயிருந்த போர்ட்டர் துரையின் பெயரால் நகர மண்டபமும், பின்னர் அப்பதவி வகித்த கோபாலராவின் பெயரால் புத்தகசாலையும் ஏற்பட்டன. உபாத்தியாயர்களின் பெயரை மண்டபத்துக்கும் புத்தகசாலைக்கும் வைத்த ஊர் என்பதற்காகவே நமக்குக் கும்பகோணத்தின்பேரில் ஒரு தனி அபிமானம் உண்டு.

குளத்தின் பாடம்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, குரு சிம்ம ராசியில் நிற்க, மாசி மாதத்து மக நட்சத்திரத்தன்று பல லட்சம் மக்கள் நீராடும் மகாமகக் குளம் ஊரின் நடுநாயகமான பொதுச் சொத்து. சுமார் ஆறு ஏக்கர் பரப்பு. நாற்புறமும் படிகள், கரையைச் சுற்றிலும் 16 மண்டபங்கள், குளத்துக்குள்ளே 20 தீர்த்தக் கிணறுகள். தஞ்சை நாயக்கர்களின் அமைச்சராயிருந்த கோவிந்த தீட்சிதர் அம்மண்டபங்களையும் படிகளையும் கட்டுவித்தார்.

1992-ஆம் ஆண்டு மகாமகத்தில் நெரிசலில் சிக்கி 40-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். புண்ணியம் தேடி வந்தவர்கள் வீடு திரும்பாத அந்தத் துயரத்துக்குப் பிறகு, 2004-லும் 2016-லும் ஏற்பாடுகள் வேறு விதமாயிருந்தன. ஒரே நாளில், ஒரே முகூர்த்தத்தில் முழுக வேண்டுமென்று அடித்துக் கொள்ளாமல் பல நாட்களில் பிரித்து நீராடும்படி ஜனங்களுக்குச் சொன்னார்கள்; ஜனங்களும் கேட்டார்கள். போக ஒரு வழி, வர ஒரு வழி என்று வகுத்தார்கள். கூட்டம் குறையவில்லை, விபத்தே குறைந்தது. முன்யோசனை என்பது பக்திக்கு விரோதமன்று என்பதே அந்தக் குளம் நமக்குக் கற்பித்த பாடம்.

ஆனால் ஒரு பாடத்தைக் கற்றவர்கள் அடுத்த பாடத்தைக் கற்றுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2004-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அத்தனை லட்சம் பேரைச் செம்மையாக அனுப்பிவைத்த அதே நகரத்தில், அதே ஆண்டு ஜூலை 16, வெள்ளிக்கிழமை காலையில், ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் கூரையில் தீப் பற்றியது. சமையற் கொட்டகையில் தொடங்கிய நெருப்பு மாடியில் வேய்ந்திருந்த கீற்றுக்குத் தாவியது. குறுகிய படிக்கட்டு, நெருக்கமான அறைகள். 94 குழந்தைகள் மாண்டார்கள். வகுப்பறையில் நிற்கும் எவரும் இந்த எண்ணைச் சாதாரணமாக எழுதிவிட்டு மேலே போக இயலாது. இரண்டு வகுப்புக் குழந்தைகள் என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு மேலும் இருக்கும்.

அந்தக் கூரையைத் தெருவில் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். குழந்தைகளை அனுப்பியவர்கள் பார்த்திருப்பார்கள்; பார்வையிட வேண்டிய அதிகாரிகளும் பார்த்திருக்க வேண்டும். எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த அபாயம் ஒருவருடைய பொறுப்பாகவும் இல்லாமற் போயிற்று. அதன் பிறகே மாநிலமெங்கும் பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகள் இறங்கின. 2009-ல் உச்ச நீதிமன்றம் இச்சம்பவத்தை முன்னிட்டு, நாட்டிலுள்ள பள்ளிக்கூடங்கள் எல்லாம் தீத் தடுப்பு ஏற்பாடுகளைச் செய்தே தீர வேண்டுமென்று கட்டளையிட்டது. ஆண்டுதோறும் அந்நாளில் பெற்றோர்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள், தீபம் ஏற்றுகிறார்கள். விளக்குக்குப் பேர் போன வட்டாரத்தில் ஏற்றப்படும் தீபங்களில் அந்தத் தீபத்தைப்போல் நெஞ்சைச் சுடுவது வேறில்லை.

வாய்க்கால் எங்கே?

இப்போது மீண்டும் ஆற்றுக்கு வருவோம். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு ஜூன் 12-ஆம் தேதி பாசனத்துக்கு நீர் திறப்பது வழக்கமாயிற்று. குறுவைக்கு உழவர்கள் நாள் குறித்தது அந்தத் தேதியைக் கொண்டுதான். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அத்தேதியில் நீர் திறக்க இயலவில்லை. 2020-லேதான் மீண்டும் ஜூன் 12-ல் திறந்தார்கள். கர்நாடகத்தோடு நடந்த நெடிய வழக்கில், ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் தமிழ் நாட்டின் பங்கு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பங்கை உரிய மாதத்தில் பெற வேண்டியது அரசாங்கத்தாரின் கடமை. கேட்க வேண்டியது நம் உரிமை.

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று குடந்தைப் படித்துறைகளைப் பார்க்க வேண்டும். முளைப்பாரியும் காதோலை கருகமணியும் கொண்டு வந்து, மஞ்சள் சரடு மாற்றிக்கொண்டு, பல வகைச் சித்திரான்னங்களோடு பெண்கள் கரையிலே கூடுவார்கள். குழந்தைகள் சிறு சப்பரம் இழுத்து வருவார்கள். ஆற்றில் நீரில்லாத ஆண்டுகளில் அதே படித்துறையில் குழாயடியிலே தண்ணீர் பிடித்துக் காவிரித் தாய்க்குப் பூஜை செய்கிறார்கள். தாயை விருந்துக்கு அழைத்துவிட்டுப் படத்துக்கு மாலை போடுவது போலிருக்கிறது அந்தக் காட்சி.

மேலேயிருந்து நீர் வராதது பிறர் குற்றம் என்றே வைத்துக் கொள்வோம். வந்த நீரை நாம் என்ன செய்தோம்? நகருக்குள்ளே இருக்கும் குளங்களுக்கு ஆற்று நீரைக் கொண்டு வர முன்னோர் வெட்டிய வாய்க்கால்கள் இருந்தன. அவற்றுள் சில சாக்கடையாயின; சில தூர்ந்தன; சிலவற்றின்மேல் கட்டடங்கள் எழும்பின. ஆக்கிரமிப்புகளை அகற்றக் கோரிப் பொதுநல வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை சென்றன. ஆற்று மணல் லாரியில் போகிறது; அதற்குப் பதிலாக நகரத்துக் கழிவு ஆற்றுக்கு வருகிறது. வண்டலோ மேலேயுள்ள அணைகளில் தங்கிவிடுகிறது. அந்த வண்டலை நம்பித்தான் சுவாமிமலை ஸ்தபதியும் நாச்சியார்கோயில் பத்தரும் கொடிக்கால் உழவரும் இருக்கிறார்கள் என்பதை முன்பே கண்டோம். மலையாளத்தாரும் தெலுங்கரும் எந்தப் பொருளில் "கும்பகோணம்" என்கிறார்களோ, அந்தப் பொருளில் கும்பகோணத்துக்குள்ளேயே ஒரு கும்பகோணம் நடந்து கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இதே ஊரில் ஒருவர் வீட்டு முற்றத்தில் ஒரு முழம் நிலத்தை அடுத்த வீட்டுக்காரர் வளைத்துக் கொண்டால், வக்கீல் வீட்டு வாசற்படி தேயும்வரை நடப்பார்கள். கோர்ட்டுப் பரம்பரை உள்ள ஊரல்லவா? வாய்க்காலை வளைத்தால் மட்டும் பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் சொந்தமானது என்றால் நமக்கும் சொந்தம் என்று பொருள். யாருக்கோ சொந்தம் என்று நாம் பொருள் செய்து கொண்டுவிட்டோம். விதேசி ஆட்சியில், பொதுச் சொத்து என்பது சர்க்கார் சொத்து என்று நினைத்ததற்காவது ஒரு காரணம் இருந்தது. சுயராஜ்யம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே நினைப்பதற்குக் காரணமில்லை.

அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. அதற்கு முன்னே சாலை போடுவார்கள். மண்டபங்களுக்கு வர்ணம் பூசுவார்கள். குளத்தில் நீர் நிரப்புவார்கள். அவை நடந்தே தீரும். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாளைக்காகச் செய்யும் காரியத்தைவிட மிச்சமுள்ள நாட்களில் செய்யும் காரியமே ஊரை வாழ்விக்கும். குளத்துக்குக் குழாயில் நீர் நிரப்புவது ஒரு வாரத்து வேலை. வாய்க்காலைத் திறந்து வைப்பது ஒரு தலைமுறையின் வேலை. பட்டு நெய்பவரும், பாத்திரம் விற்பவரும், உபாத்தியாயரும், வக்கீலும் ஒரே வாய்க்கால் கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் அந்த வேலை தொடங்கிவிடும். ஒரு முன்சீபும் ஒரு பண்டிதரும் சில சமணக் குடும்பங்களும் கூடியபோது ஒரு காவியமே மீண்டது. ஒரு வாய்க்கால் மீளாதா?

நேயர்களில் பெரும்பாலோர் கும்பகோணத்தில் வசிப்பவர்களல்லர். ஆயினும் உங்கள் ஊரிலும் ஒரு குளம் இருக்கும். அதற்கு எந்த வழியாக நீர் வந்தது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அழைத்துக்கொண்டு போய் இடத்தைக் காட்டுங்கள். எங்கே இருந்தது என்பதை அறிந்தவர்கள் உள்ளவரையில் எந்த வாய்க்காலும் அடியோடு மறைந்துவிடுவதில்லை.